நண்டு எதற்கு நுரை தள்ளுகிறது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உயிரோடு ஐந்து களி நண்டு வாங்கி வந்தேன். மறுநாள் மதியம்தான் சமையல். கொடுக்கையும் காலையும் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமல் நான்கை மட்டும் வாளியில் போட்டு, முழுகும்வரை குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தேன். தண்ணீரில் வாழும் பிராணிதானே, தண்ணீரில் கிடந்தால் நிம்மதியாக இருக்கும் என்ற நினைப்பு. ஐந்தாவதுக்கு வாளியில் இடமில்லை. கட்டிக் கொடுத்த ஈரச்சாக்கோடு அது மூலையில் கிடந்தது.

காலையில் பார்த்தால் வாளியில் இருந்த நான்கும் செத்துப் போயிருந்தன. சாக்கில் இருந்தது மட்டும் வாயோரம் நுரை தள்ளிக்கொண்டு, கண்ணை நீட்டி என்னை முறைத்தது.

அடுத்த வாரம் நண்டு விற்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "தண்ணிய ஊத்தி மூச்சு முட்ட வச்சிட்டீங்களே சார். சாக்க நனைச்சு மேல போட்டாப் போதும்" என்றார். அப்போ அந்த நுரை? "அது மூச்சு வாங்குது." அவ்வளவுதான், அடுத்த ஆளுக்கு எடை போடத் திரும்பிவிட்டார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. ஏன் சரி என்று பார்க்க, முதலில் நண்டின் ஓட்டைத் திறக்க வேண்டும்.

பிய்த்து எறியும் பஞ்சு

நண்டு சுத்தம் செய்யத் தெரிந்த எல்லாருக்கும் அதன் மூச்சு உறுப்பைத் தெரியும். அதுதான் மூச்சு உறுப்பு என்பது தெரியாமல் இருக்கலாம். மேல் ஓட்டைப் பெயர்த்ததும் உடம்பின் இரண்டு பக்கமும் கூம்பு கூம்பாக, பஞ்சு மாதிரி, வெளிறிய சாம்பல் நிறத்தில் வரிசையாகப் படிந்திருக்குமே, "இதைச் சாப்பிடக் கூடாது" என்று பிய்த்து எறிவோமே, அதுதான் செவுள். மீனுக்கு இருக்கிற அதே வேலைதான் இதற்கும்.

அடுத்த முறை எறிவதற்கு முன் ஒரு செவுளை மட்டும் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது மெதுவாக விரியும். நடுவில் ஒரு தண்டு, அதன் இருபுறமும் புத்தகத்தின் தாள்களைப் போல மிக மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதையே வெளியே தூக்கினால் தாள்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன ஈரக் கட்டியாகச் சுருங்கிவிடும். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். கிண்ணத்தில் நடந்த இந்த விஷயத்தை மறக்காதீர்கள். நண்டு நிலத்துக்கு வந்த கதை முழுக்க இந்த ஒட்டல் பிரச்சினையைச் சுற்றித்தான்.

(சில நண்டுகளில் செவுள் மேல் பொடிப்பொடியாக, காம்பு வைத்த வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். பாறையில் ஒட்டும் கொட்டலசுக்கு உறவான உயிர்கள் அவை. நல்ல நீரோட்டம் கிடைக்கும் இடம் என்று நண்டின் செவுளில் குடியேறியவை.)

ஒவ்வொரு தாளுக்குள்ளும் நண்டின் ரத்தம் ஓடுகிறது. தாளுக்கு வெளியே தண்ணீர். நடுவே உள்ள மெல்லிய தோல் வழியாக ஆக்சிஜன் உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். மீனின் செவுள் சிவப்பாக இருக்க, நண்டின் செவுள் மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்றால், ரத்தம்தான் காரணம். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கொண்ட ஹீமோகுளோபின். நண்டுக்கு அந்த வேலையைச் செய்வது செம்பு கொண்ட ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் அது வெளிர் நீலமாகும், இறங்கினால் நிறமே இருக்காது. பச்சை நண்டை வெட்டும்போது வடிவதைத் 'தண்ணி' என்று நினைத்துக் கழுவிவிடுகிறோம். அதில் ரத்தமும் உண்டு.

வாய்ப் பக்கம் ஒரு துடுப்பு

செவுள் இருந்தால் மட்டும் போதாது. அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் வாயைத் திறந்து மூடித் தண்ணீரைத் தள்ளுகிறது. நண்டு வாயைப் பயன்படுத்துவதில்லை. அதன் செவுள்கள் ஓட்டுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அறைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு அறையின் முன் முனையிலும், வாய் உறுப்பு ஒன்றின் ஓரம் தகடாக அகன்று துடுப்பு போல் ஆகியிருக்கிறது. அது விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்கூட.

துடுப்பு தண்ணீரை முன்பக்கமாக வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கொடுக்கின் அடியிலும் கால்களின் அடியிலும் உள்ள இடுக்குகள் வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. வயல் நண்டு ஒன்றைப் பிடித்து, ஆழமில்லாத தட்டில் அது பாதி முழுகும் அளவு தண்ணீர் விட்டு, ஆடாமல் அசையாமல் இருக்கும்போது கொடுக்கின் அடியில் ஒரே ஒரு சொட்டுப் பால் விடுங்கள். வெள்ளைக் கோடு உள்ளே காணாமல் போய், சில நொடியில் வாய்க்கு இரண்டு பக்கமும் மெல்லிய புகை போல வெளியே வரும். மூச்சைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான். பார்த்து முடித்ததும் நண்டை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இந்தத் துடுப்புக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, அவ்வப்போது சில நொடி எதிர்த் திசையில் அடிக்கும். சேற்றிலும் மணலிலும் வாழும் பிராணி. செவுள் தாள்களின் இடுக்கில் குப்பை சேர்ந்தால் மூச்சு போச்சு. எதிர் ஓட்டம் அதை அலசிவிடும். இரண்டாவது, நண்டு ஓய்வாக இருந்தால் ஒரு பக்கத் துடுப்பை நிறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தை மட்டும் ஓட்டும். ஆள் இல்லாத அறையில் ஃபேனை அணைக்கிற சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஒரு டம்ளர் காற்று, ஒரு வாளித் தண்ணீர்

நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம். நல்ல தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாக, 7 அல்லது 8. ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ சுமார் 270 மில்லிகிராம். நான் வைத்த பத்து லிட்டர் வாளியில் இருந்த மொத்த ஆக்சிஜனும் ஒரு பெரிய டம்ளர் நிறையக் காற்றில் இருக்கும் அளவுதான். அதை நான்கு கொழுத்த நண்டுகள் பங்கு போட்டுக்கொண்டன.

கடலிலும் கழிமுகத்திலும் இது பிரச்சினை இல்லை. அலையும் ஓட்டமும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும். வாளித் தண்ணீர் தேங்கி நிற்பது. மேற்பரப்பில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் தானாக அடிவரை ஊடுருவப் பல நாள் ஆகும், ஏனென்றால் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு குறைவு. கொடுக்கும் காலும் கட்டியிருந்ததால் அவற்றால் விளிம்பைப் பிடித்து ஏறி முகத்தை வெளியே நீட்டவும் முடியவில்லை. உப்பில்லாத தண்ணீரில் சட்டென்று போட்டது இன்னொரு தப்பு. மொத்தத்தில் அவற்றைத் தண்ணீரிலேயே மூச்சுத் திணற வைத்துக் கொன்றிருக்கிறேன்.

சரி, காற்றில் நாற்பது மடங்கு ஆக்சிஜன் இருக்கிறதே, பிறகு எல்லா நண்டும் கரையேறி வசதியாக இருக்கலாமே என்றால், அங்கேதான் கிண்ணத்தில் பார்த்த ஒட்டல் குறுக்கே வருகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் செவுள் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். நூறு தாளின் பரப்பு ஒரு அட்டையின் பரப்பாகச் சுருங்கும். சுற்றிலும் ஆக்சிஜன் கொட்டிக் கிடந்தாலும் எடுக்க வழி இருக்காது. அப்புறம் காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. ஈரமில்லாத தோல் வழியாக ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகாது.

நீலக்கால் நண்டு எப்போதும் தண்ணீருக்குள்ளேயே நீந்தித் திரிவது. அதன் செவுள் காற்றுக்குச் சற்றும் பழகாதது. வலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும், அதனால்தான் மார்க்கெட்டில் அது ஐஸில் கிடக்கிறது. களி நண்டு வாழ்வது கழிமுகச் சேற்றில். தண்ணீர் வற்றும்போது வளையில் ஈரச் சேற்றோடு கிடந்து பழகியது. செவுள் அறையில் ஒரு வாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் சில நாள்கூடத் தாங்கும். அதைக் கட்டி உயிரோடு வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்ப முடிவதும் அதனால்தான்.

அந்தப் பிடித்து வைத்த ஒரு வாய்த் தண்ணீரில்தான் நுரைக்கு விடை இருக்கிறது. அறைக்குள் தண்ணீர் கொஞ்சம்தான். அதன் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். துடுப்போ நிற்காது, அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது அது தள்ளுவது தண்ணீரும் காற்றும் கலந்த கலவை. நாம் மோரைக் கடைவது போலத்தான். காற்று நுழைந்து, அந்தத் தண்ணீரில் மறுபடி ஆக்சிஜன் கரைந்து, வாயோரம் குமிழி குமிழியாக வெளியே வருகிறது. கோபமும் இல்லை, கெட்டுப்போன அடையாளமும் இல்லை. தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். ஈரச்சாக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்கிறது. சுற்றிலும் காற்று, உள்ளே ஈரம்: ஐந்தாவது நண்டுக்கு அன்று இரவு கிடைத்தது நண்டுக்குத் தேவையான இந்த இரண்டும்தான்.

கடலைச் சுமந்து நடப்பவை

நிலத்தில் வாழும் நண்டுகள் எல்லாம் இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கின்றன. ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

பிச்சாவரத்தில் படகில் போகும்போது அலையாத்தி மர வேர்களில் ஏறி நிற்கும் சதுர ஓட்டுச் சிறு நண்டுகளைப் பார்க்கலாம். இந்தக் குடும்பத்து நண்டுகளின் முகத்துக்குக் கீழே, சல்லடை மாதிரி ஒழுங்கான மயிர் வரிசைகள் உண்டு. வாயோரம் வெளியேறும் பழைய தண்ணீர் கீழே சிந்தாமல் அந்த மயிர்களின் மேல் மெல்லிய படலமாகப் பரவி வழிகிறது. வழியும்போதே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, காலடி இடுக்கு வழியாக மறுபடி உள்ளே போகிறது. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் ஏற்பாடு. மீன் தொட்டியில் நாம் கரண்ட் செலவழித்துச் செய்வதை அது மயிரை வைத்துச் செய்கிறது.

மெரினாவிலோ வேறு கடற்கரையிலோ சாயங்காலம் மணல் நிறத்தில் சரசரவென்று ஓடி வளைக்குள் மறைகிறதே, அந்தப் பேய் நண்டு வேறு ரகம். செவுள் அறையின் உட்சுவரே அதற்கு ஓரளவு நுரையீரல் மாதிரி வேலை செய்கிறது. ஆனாலும் செவுள் ஈரமாக இருந்தாக வேண்டும். அதற்காக அது கடலில் இறங்க வேண்டியதில்லை. கால்களின் அடியில் கொத்தாக மயிர் இருக்கிறது. ஈரமணலில் உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த மயிர்க் கொத்து மணலிலிருந்து தண்ணீரை இழுத்து உள்ளே சேர்க்கும். கடலோரத்தில் வாழ்ந்தும், தண்ணீருக்குள் வெகுநேரம் அமுக்கி வைத்தால் இது மூச்சு முட்டிச் சாகும்.

அதே கரையில், தண்ணீர் வற்றிய மணல் திட்டில் கோலப்புள்ளி வைத்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன மணல் உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பயறு அளவு நண்டு ஒன்று மணலை வாயில் போட்டுத் தீனியை உறிஞ்சிவிட்டுத் துப்பிய உருண்டைகள் அவை. இதன் கால்களின் தொடைப் பகுதியில் கண்ணாடி ஜன்னல் போல மெல்லிய சவ்வு வட்டங்கள் உண்டு. காது போல ஒலி கேட்கும் உறுப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1986-ல் டேவிட் மெய்ட்லண்ட் என்ற விலங்கியலாளர், அவை மூச்சு ஜன்னல்கள் என்று காட்டினார். அவற்றை மூடியபோது நண்டு எடுக்கும் ஆக்சிஜன் குறைந்தது. தொடையால் மூச்சு விடுகிற பிராணி என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் நம் காலடியில் உருண்டை உருட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வரிசையின் கடைசியில் இருப்பது தேங்காய் நண்டு. உண்மையில் அது சங்குக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். அந்தமான் நிகோபாரின் சில தீவுகளில் உண்டு. நான்கு கிலோ வரை வளரும், காலை விரித்தால் ஒரு மீட்டர் இருக்கும், தென்னை மரம் ஏறும். அதன் செவுள் பேருக்குத்தான். செவுள் அறையின் உட்சுவர் கொத்துக் கொத்தாக மடிந்து, ரத்தம் நிறைந்த நுரையீரலாகவே மாறியிருக்கிறது. தாள் ஒட்டிக்கொள்ளும் தொல்லையே இல்லை. ஆனால் அந்த நுரையீரலும் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். கடைசி ஜோடிக் கால்கள் குட்டியாகச் சுருங்கி அறைக்குள் மடங்கியிருக்கின்றன. அவற்றால் உள்ளே துடைத்து நனைத்துக்கொள்ளும். வளர்ந்த தேங்காய் நண்டு கடலில் விழுந்தால் மூழ்கிச் செத்துப்போகும்.

நுரையீரல் வந்த பிறகும் நில நண்டுகள் செவுளை ஏன் முழுசாகக் கைவிடவில்லை என்று கேட்கலாம். செவுளுக்கு மூச்சு தவிர வேறு வேலையும் உண்டு. ரத்தத்தில் உப்பைச் சரிக்கட்டுவது அதுதான். பல நில நண்டுகளில் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதிலும் அதற்குப் பெரும் பங்கு. சொன்னால் முகம் சுளிப்பீர்கள்: சில நில நண்டுகள் தம் சிறுநீரையே செவுள் அறைக்குள் விட்டு, செவுளால் அதிலிருந்து உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மழைத் தண்ணீர் மட்டும் குடித்து வாழும் பிராணிக்கு உப்பு அவ்வளவு அருமை.

வரப்பு நண்டு

இத்தனை தூரம் கரையேறியும் முட்டை விஷயத்தில் இவை கடலை விடவில்லை. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் சிவப்பு நண்டுகள் கோடிக்கணக்கில் காட்டுக்குள் வாழ்கின்றன. வறண்ட மாதங்களில் வளையை விட்டு அதிகம் வராது, வந்தால் காய்ந்துவிடும். மழை தொடங்கியதும் சாலையெல்லாம் சிவக்கக் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். பெண் நண்டு முட்டைகளைக் கடலில் உதறிவிட்டுக் காட்டுக்குத் திரும்பும். குஞ்சுகள் மூன்று நான்கு வாரம் கடலில் மிதந்து வளர்ந்து, பிறகு அரை சென்டிமீட்டர் நண்டாகக் கரையேறி காற்றுக்குப் பழகும். தேங்காய் நண்டும் இப்படித்தான், முட்டையை விட அலை விளிம்புவரை வந்தாக வேண்டும்.

கடலோடு இருந்த அந்தப் பிணைப்பையும் அறுத்துக்கொண்டது நம் வயல் நண்டுதான். தண்ணீர் நிற்கும்போது செவுளாலும், வற்றிய பிறகு செவுள் அறையின் மேல்பகுதியில் உள்ள நுரையீரல் போன்ற உட்சுவராலும் மூச்சு விடும். வரப்பில் அது தோண்டும் வளையால் தண்ணீர் கசிந்து வயல் காய்கிறது என்று விவசாயிகள் திட்டுவார்கள். நண்டைப் பொறுத்தவரை அந்த வளைதான் அதன் ஈரச்சாக்கு. கோடையில் மண் வெடிக்க வெடிக்க ஈரம் இருக்கும் ஆழம்வரை தோண்டிப்போய் அடியில் கிடக்கும். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். கோடையில் எவ்வளவு கொழுத்தாலும் தங்கித்தான் ஆக வேண்டும். மழை பெய்தால்தான் வெளியே வரும்.

அப்படி வெளியே வந்த பெண் நண்டு ஒன்றை எப்போதாவது கையில் எடுத்தால், கொடுக்கில் மாட்டாமல் மெதுவாகத் திருப்பி, வயிற்று மடிப்பின் ஓரத்தைப் பாருங்கள். காலம் சரியாக இருந்தால், முட்டையிலிருந்தே முழு நண்டாகப் பொரிந்து வந்த கடுகளவு குஞ்சுகள், எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாக, அம்மாவின் அடிவயிற்று ஈரத்தில் மொய்த்துக்கொண்டிருக்கும்.